ஜெட்டுல ட்ரில் போடாதீங்க

"குழாயில கேஸ் வந்தா இந்த அடுப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமாய்யா?" எங்க அம்மா கேட்ட கேள்வி இது. பெரும்பாலும் வாங்க வேண்டியதில்லை. அடுப்புக்கு அடியில இருக்குற சின்னப் பித்தளைத் துண்டை, அதாவது ஜெட்டை, மாத்தினா போதும். ஆனா அதை யார் மாத்துறாங்க, எதை வெச்சு மாத்துறாங்க? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

எண்ணூர் எல்.என்.ஜி. முனையம் 2019-ல திறந்தாச்சு. ராமநாதபுரம் - தூத்துக்குடி 143 கி.மீ. எரிவாயுக் குழாயை 2021 பிப்ரவரி 17-ல தொடங்கி வெச்சாங்க. விருதுநகர் மாவட்டமும் நகர எரிவாயு வரைபடத்துல இருக்கு. அதனால விஸ்வநத்தம் தெருவுக்குள்ள மஞ்சள் குழாய் என்னைக்காவது ஒருநாள் வரத்தான் போகுது. அதுக்கு முன்னாடியே நம்ம பேட்ச்ல பாதிப் பேர் பெங்களூரு, புனேன்னு போயிருவோம். அங்க வாடகை வீட்டு கிச்சன்ல குழாய் கேஸ் இருக்கும். நம்ம கையில ஊர்ல இருந்து கொண்டு போன சிலிண்டர் அடுப்பு இருக்கும்.

சிலிண்டர்ல இருக்குறது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குழாயில வர்றது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவுக்கு எல்.பி.ஜி. தர்ற சூடு இரண்டரை மடங்குக்கும் மேல. ஆனா அது கனமான வாயு, ஓட்டை வழியா மெதுவாத்தான் போகும். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் வோபே எண் இருக்கு. எல்.பி.ஜி.க்கு சுமார் 82, இயற்கை எரிவாயுவுக்கு சுமார் 51. அழுத்தமும் வேற: சிலிண்டர் ரெகுலேட்டர் தர்றது கிட்டத்தட்ட 30 மில்லிபார், வீட்டுக் குழாயில 21. கணக்குப் போட்டுப் பாருங்க. அதே சூடு வேணும்னா ஜெட் ஓட்டையோட பரப்பு சுமார் 1.9 மடங்கு ஆகணும், விட்டம் சுமார் 1.4 மடங்கு. (செமஸ்டர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எதுக்குப் படிச்சோம்னு கேட்டவங்களுக்கு இதோ ஒரு பதில்.)

இதைக் கேட்ட உடனே, "அவ்வளவுதானே, ஓட்டையைப் பெருசாக்கிட்டாப் போச்சு"ன்னு ஒரு மூளை யோசிக்கும். அப்படித்தான் பல இடங்கள்ல நடக்குது. மெல்லிசு ட்ரில் பிட்டைக் கையில பிடிச்சு, அதே ஜெட்டைக் குடைஞ்சு, திரும்ப மாட்டி, பத்த வெச்சுக் காட்டி, "நல்லா எரியுதுல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க.

எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லை. அந்த ஓட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுல இருக்குற சமாச்சாரம். கையால குடைஞ்சா வட்டமா வராது, ஓரத்துல பிசிறு நிக்கும், கொஞ்சம் சாய்ஞ்சும் போயிரும். வாயு நேராப் பாயாம பர்னர் குழாயோட சுவர்ல அடிச்சா, கூடவே இழுத்துட்டு வர வேண்டிய காத்தைச் சரியா இழுக்காது. தீ மஞ்சளாகும், பாத்திரத்துல கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் கூடும். அதுக்கு வாசனை கிடையாது.

இன்னொரு விஷயம், குடைஞ்சது குடைஞ்சதுதான். அந்த அடுப்பு ரெண்டு வருஷம் கழிச்சு கை மாறி, சிலிண்டர் இருக்குற வீட்டுக்கே வரும்னு வெச்சுக்கோங்க. இப்ப அதே பர்னர்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சூட்டுக்கான கேஸ் வரும். சிலிண்டர் ஜெட்டைக் குழாயில மாட்டினா டீ கொதிக்க லேட் ஆகும், அவ்வளவுதான். குழாய் ஜெட்டைச் சிலிண்டர்ல மாட்டினா தீ பாத்திரத்தைத் தாண்டி வெளிய வரும். பழைய அடுப்பை வாங்கப் போற பேச்சுலர் ரூம் பசங்களுக்காகத்தான் இதை இவ்வளவு இழுத்துச் சொல்றேன்.

எங்க ஊர்ல பட்டாசு ஆலைக்குள்ள இரும்புச் சாமான் கொண்டு போக முடியாது. செல்போனை வாசல்லயே வாங்கி வெச்சிருவாங்க. மருந்து கலக்குற அறையில எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மீறுறப்ப என்ன ஆகும்னு 2012 செப்டம்பர் 5-க்கு அப்புறம் முதலிப்பட்டியைச் சொன்னாலே இங்க எல்லாருக்கும் புரியும். சிலிண்டர் விதிகளையும் வெடிபொருள் விதிகளையும் பார்த்துக்கிறது ஒரே துறைதான், பெசோ. சிவகாசியிலயே ஆபீஸ் இருக்கு. பகல் முழுக்க இவ்வளவு கட்டுப்பாட்டுல வேலை பார்த்துட்டு வர்ற அக்கா, சாயங்காலம் பத்த வைக்கிற அடுப்பை எவனோ ஊக்கையும் ட்ரில்லையும் வெச்சு நோண்டிட்டுப் போறது எந்த ஊர் நியாயம்?

கசிவு விஷயத்துலயும் பழக்கம் மாறணும். எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், தரையோட தரையா தேங்கும். அதனாலதான் கீழ இருந்து வெளிய போக வழி வேணும். மீத்தேன் லேசு, மேல ஏறும். மேல இருக்குற ஜன்னலை எண்ணெய்ப் பிசுக்குக்குப் பயந்து அட்டை வெச்சு அடைச்சிருக்குற வீடு எங்க தெருவுலயே எத்தனையோ இருக்கு. குழாய் வர்றதுக்கு முன்னாடி அந்த அட்டையைப் பிரிக்கணும்னு வீட்டுக்கு வீடு யாராவது சொல்லணும். நோட்டீஸ் அடிக்கிறதுக்கு சிவகாசியில பிரஸ்ஸுக்கா பஞ்சம்?

"21 மில்லிபார்ல என்னப்பா பெருசா ஆகப் போகுது"ன்னு கேக்குறவங்க உண்டு. குழாய் கேஸ் மோசம்னு நான் சொல்லலை. புக் பண்ணிட்டுக் காத்திருக்க வேண்டாம், மாடிப்படியில சிலிண்டரை உருட்ட வேண்டாம், கசிஞ்சாலும் தரையில தேங்காது. எனக்கு அது வரணும். வர்றப்போ, அந்த அடுப்பு மாடலுக்குன்னு அளவா செஞ்ச புது ஜெட்டை கம்பெனியே தரணும். அடுப்பு மேல எந்த வாயுவுக்கு மாத்தினது, எந்தத் தேதியிலன்னு தமிழ்ல ஸ்டிக்கர் ஒட்டணும். இந்த வேலைக்கு நம்ம பக்கத்து ஐ.டி.ஐ. பசங்களுக்குப் பயிற்சி கொடுத்து எடுக்கணும். மாத்தித் தர முடியாத பழைய அடுப்புன்னா, முடியாதுன்னு நேரா சொல்லிடணும்.

வேலைக்குப் போற ஊர்ல அடுப்பை மாத்தச் சொல்றப்போ பக்கத்துலயே நில்லுங்க. ட்ரில் பிட் வெளிய வந்தா வேண்டாம்னு சொல்லுங்க. கழட்டின பழைய ஜெட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு கவர்ல போட்டு, பேர் எழுதி, கேஸ் புக்கோட வெச்சிருங்க. அடுப்பு ஊருக்குத் திரும்புறப்போ அது தேவைப்படும்.