கேட்கீப்பரைக் கைது செய்தால் கேட் பாதுகாப்பாகிவிடுமா?



2025 ஜூலை 8. கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். கேட்கீப்பர் கைது செய்யப்பட்டார். அவர் எந்த ஊர்க்காரர், தமிழ் தெரியுமா தெரியாதா என்று விவாதம் நடந்தது. அப்புறம் எல்லாரும் அடுத்த செய்திக்குப் போயாச்சு.

தவறு செய்தவர் மீது நடவடிக்கை வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேற: ஒரு ஆள் தவறினால் மூணு குழந்தைகள் சாகிற மாதிரி அந்த கேட்டை ஏன் வைத்திருந்தார்கள்?

விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட் இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டாக இருந்தது. அப்படின்னா என்ன? இன்டர்லாக்கிங் உள்ள இடத்தில் கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு பச்சை சிக்னலே விழும். ரயில் கடக்கும்வரை சாதாரணமாகத் திறக்கவும் முடியாது. அது இல்லாத இடத்தில் எல்லாம் போன் பேச்சுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார், கேட்கீப்பர் ‘மூடிட்டேன்’ என்று ஒரு எண்ணைச் சொல்வார், ரயில் கிளம்பும். கேட் நிஜமாவே மூடியிருக்கா என்று சிக்னலுக்குத் தெரியாது.

தூக்கம், அசதி, மறதி எல்லா மனுஷனுக்கும் உண்டு. அதிலும் கேட்கீப்பர்களை 12 மணி நேரம் வரை வேலை வாங்கும் முறை இன்னும் இருக்கிறது.

அதே இடத்தில் சுரங்கப்பாதை அமைக்க ஒப்புதல் இருந்தும், ஓராண்டாக மாவட்ட ஆட்சியர் அனுமதி தரவில்லை என்றது தெற்கு ரயில்வே. சரி, அந்த ஓராண்டில் இன்டர்லாக்கிங் செய்யத் தடுத்தது யார்? ரயில்வேயும் பதில் சொல்லணும், மாவட்ட நிர்வாகமும் பதில் சொல்லணும். கோப்பு எந்த மேசையில் கிடந்தாலும் செத்தது நம்ம பிள்ளைங்க.

சாலையிலும் இதே கதைதான். அழிந்துபோன ஜீப்ரா கோட்டில் ஒருவர் அடிபட்டால் ‘பார்த்துப் போகக் கூடாதா’ என்கிறோம். நடைபாதை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை வடிவமைப்பு, பராமரிப்புக் குறையால் உயிர் போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவு இருக்கிறது. இதைப் பயன்படுத்தச் சொல்லி நாம்தான் கேட்கணும்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைக்காதீங்க. ‘சீக்கிரம் திற’ என்று கேட்கீப்பரை மிரட்டாதீங்க. மூடிய கேட்டை வெளியாள் திறந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டதும் நிற்காது, பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

தோழர்கள் செய்ய வேண்டியது: உங்கள் ஊர் கேட்டில் இன்டர்லாக்கிங் இருக்கிறதா, எத்தனை மணி நேர ஷிப்ட் என்று விசாரியுங்கள். பள்ளி வாசலில் ஜீப்ரா கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். நகரமென்றால் கவுன்சிலரிடம் மனு கொடுங்கள், நகலைக் கமெண்டில் பதிவிடுங்கள்.

அடுத்த வேன் வருவதற்குள் கேட்டைச் சரிசெய்ய வைப்போம்!

#எல்லா_கேட்டிலும்_இன்டர்லாக்கிங்