புயலுக்கு முந்தைய இரண்டு நாட்கள்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்ததும் சென்னை மாநகரம் தன்னை ஆயத்தப்படுத்தத் தொடங்குகிறது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. மீனவர்கள் கரைக்குத் திரும்புமாறு அழைக்கப்படுகின்றனர். தாழ்வான பகுதிகளில் நீர் இறைக்கும் மோட்டார்களும் படகுகளும் நிறுத்தப்படுகின்றன. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படுகிறது. இறுதியாக, ‘அவசியமின்றி யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்’ என்ற வேண்டுகோள் வெளியாகிறது.

நலமாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல அறிவுரை இல்லை. ஆனால், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வீட்டிலேயே இருப்பதுதான் ஆபத்து. இந்த வேறுபாட்டை நம் நகரத்தின் புயல் ஆயத்தம் இன்னும் போதுமான அளவு கருத்தில் கொள்ளவில்லை என்பது சிறுநீரக மருத்துவனாகிய என் கருத்து.

டயாலிசிஸ் வாரத்திற்கு மும்முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் செய்யப்பட வேண்டியது. பொருள் வசதி குறைந்த பலர் இருமுறையோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஒரு முறை தவறினால் உடலில் நீர் தேங்கி மூச்சு திணறும். இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பு தடுமாறும். ஏற்கெனவே இடைவெளி நீண்டிருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் விரைவில் வரும். அதே சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரிக்கப்பட்ட நீர் தேவை. தடையற்ற மின்சாரமும், பணிக்கு வந்து சேரும் செவிலியரும், நோயாளி வந்து போகச் சாலையும் வேண்டும். புயல் இவை நான்கையும் ஒரே இரவில் பறித்துவிடக்கூடும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து சாலைகளை அடைத்தன. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. ஆயினும் அதற்கு முன்பே பெய்த பெருமழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகள் நீரில் மூழ்கின. புயல் வேறெங்கோ செல்கிறது என்ற செய்தி நோயாளிக்கு ஆறுதல் ஆகாது என்பதை அது உணர்த்தியது.

இதற்குத் தீர்வு உண்டு. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி என்னும் புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியது. நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளின் டயாலிசிஸ் மையங்கள் பல, வழக்கமாக விடுமுறையாகிய முந்தைய ஞாயிற்றுக்கிழமையே திறந்து, நோயாளிகளை அழைத்துச் சிகிச்சையளித்தன. பின்னர் சுமார் 14,000 நோயாளிகளின் பதிவுகள் ஆராயப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் முன்கூட்டியே டயாலிசிஸ் பெற்றிருந்தனர். மற்றவர்களைவிட அவர்களிடையே அவசரச் சிகிச்சைக்கு வந்தோரும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரும், அடுத்த 30 நாட்களுக்குள் இறந்தோரும் குறைவாகவே இருந்தனர்.

எதிர்மறைச் சான்றும் உண்டு. 2017 செப்டம்பரில் மரியா புயல் புவர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது முதலில் அறிவிக்கப்பட்ட இறப்புகள் 64 மட்டுமே. அடுத்த சில மாதங்களையும் சேர்த்து ஆராய்ந்தபின், அரசு ஏற்றுக்கொண்ட மதிப்பீடு 2,975. மின்சாரமும் மருத்துவச் சேவையும் நீண்ட காலம் தடைபட்ட அந்தத் தீவில், காற்று ஓய்ந்த பின்னரே பலர் மடிந்தனர்.

எனவே இரண்டு மாற்றங்கள் தேவை என்று கருதுகிறேன்.

முதலாவது, முன்கூட்டிய டயாலிசிஸ் ஒவ்வொரு மருத்துவமனையின் விதியாக வேண்டும். மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பாகவே வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் நோயாளி அழைப்பதற்காகக் காத்திராமல் நாங்களே அழைக்க வேண்டும். இயந்திரங்கள் போதாதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரவு நேரத்திலும் இயந்திரங்களை இயக்கலாம். மருத்துவர் தகுதியெனக் கருதுவோருக்கு நேரத்தைச் சற்றுக் குறைத்து, மேலும் பலருக்கு இடமளிக்கலாம். புயல் திசைமாறிவிட்டால் வீண் செலவாகாதா என்றும் கேட்பார்கள். ஒருநாள் முன்னதாகச் செய்த டயாலிசிஸ் வீணாவதில்லை. தவறவிட்ட டயாலிசிஸை ஈடுசெய்யத் தீவிர சிகிச்சைப் பிரிவே தேவைப்படலாம். கூடுதலாகும் ஒரு சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் தயங்காமல் இசைய வேண்டும்.

இரண்டாவது, நகரின் ஆயத்தப் பட்டியலில் தாழ்வான தெருக்களோடு நோயாளிகளும் இடம்பெற வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் படுக்கையில் இருப்போரையும் நாட்பட்ட நோயுடையோரையும் வீடு வீடாக அறிந்தவர்கள். நோயாளியின் ஒப்புதலோடு அந்த விவரம் மீட்புக் குழுவினரிடம் இருந்தால், எந்த வீட்டுக்குப் படகு முதலில் செல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிடும். வீட்டில் ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவருக்கும் இது பொருந்தும்.

இவை நடைமுறைக்கு வரும்வரை, குடும்பத்தினர் செய்யக்கூடியவை சில. புயல் செய்தி கேட்டதும் உங்கள் டயாலிசிஸ் பிரிவை அழைத்து, முன்கூட்டியே வர இயலுமா என்று கேளுங்கள். தயக்கம் வேண்டாம், அது உங்கள் உரிமை. இரண்டு வாரத்திற்கான மாத்திரைகளையும், கடைசிப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலையும் நீர் புகாத பையில் வையுங்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் கரைசல் பைகளைக் கூடுதலாக வைத்திருங்கள். ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோர் நிரப்பிய சிலிண்டர் ஒன்றை ஆயத்தமாக வையுங்கள். மின்சாரம் நின்றால் இன்சுலினை நீர் புகாத உறையிலிட்டு மண்பானையின் குளிர்ச்சியில் வைக்கலாம். பனிக்கட்டியின் மேல் வைக்கக் கூடாது.

டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாட்களில் உணவில் மிகுந்த கவனம் வேண்டும். குடிநீர் கிடைக்காதபோது பலரும் இளநீரை நாடுவார்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிக்கு அது கூடாது. வாழைப்பழமும் அவ்வாறே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு தாகத்தைத் தூண்டும். நீர் அளவைக் கட்டுப்படுத்த முடியாமற்போகும். படுத்தால் மூச்சு முட்டுதல், கைகால் தளர்ச்சி, படபடப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் மழை விடும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். நீர் சூழ்ந்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணையும் அழைத்து, வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

‘அவசியமின்றி வெளியே வர வேண்டாம்’ என்று இனி கேட்கும்போது, உங்களுக்கான சிகிச்சை அவசியமானது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். மழை தொடங்குவதற்கு முன்பே அதற்காகப் புறப்பட்டு வாருங்கள்.