தென்கடல் செல்லும் கப்பலும் நம் பள்ளத்தாக்கும்

தேனி நகரிலிருந்து தெற்கு நோக்கி ஒரு நேர்க்கோடு வரைவோமாயின், அது கன்னியாகுமரியை ஒட்டி நிலத்தை விட்டு நீங்கும். அதற்கப்பால் ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் தொலைவுக்குக் கடலன்றி வேறொன்றும் இல்லை. பின்னர் அக்கோடு உரசிச் செல்லும் முதல் நிலம் ஆம்ஸ்டர்டாம் என்னும் சிறு தீவு. நூறு கிலோமீட்டருக்குள் அடுத்தது செயின்ட் பால் தீவு. இரண்டும் பிரான்சு நாட்டுக்குரியவை. குடிமக்கள் எவரும் அங்கு இல்லை. மேலும் தெற்கே சென்றால் அண்டார்டிகாவின் பனிக்கரை எதிர்ப்படும். அங்கே, நம் கோட்டிலிருந்து மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில், லார்ஸ்மன் குன்றுகளின்மேல் 2012ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையம்.

கம்பம் பள்ளத்தாக்கில் சூரியன் உச்சியிலிருந்து சாயும் வேளைக்கும் பாரதி நிலையத்தில் அது சாயும் வேளைக்கும் ஐந்து நிமிட அளவே வேறுபாடு. ஆயின் ஜூன் மாதம் முழுவதும் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. ஒரு நாள் ஓராண்டுபோல் நீளும் காலத்தில் தொழுகையை எங்ஙனம் நிறைவேற்றுவது என்று தோழர்கள் நபிகள் பெருமானாரிடம் (ஸல்) வினவியதும், நேரத்தைக் கணித்துக்கொள்ளுமாறு அவர்கள் விடை பெற்றதும் 'ஸஹீஹ் முஸ்லிம்' தொகுப்பில் பதிவாகியுள்ளன. பாலைவனத்தில் எழுந்த அவ்வினா பனிப்பாலைக்கும் பொருந்துவதை எண்ணி நாம் வியக்கிறோம்.

இத்தகைய கடல்களுக்கு இன்று சுற்றுலாக் கப்பல்கள் செல்கின்றன. 'ஆய்வுப் பயணம்' என்ற பெயரே அவற்றுக்கு விளம்பரம். 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் அர்ஜென்டினாவின் கப்பலொன்றை அமர்த்திப் பயணிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துச் சென்றதே இத்தொழிலின் தொடக்கம் எனலாம். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரும் செல்லவில்லை. 2023-24 பருவத்தில் சென்றவர்களோ ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, அண்டார்டிகத் தீபகற்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரே இவருள் மிகப் பலர். ஒருவருக்குப் பல லட்சம் ரூபாய் செலவு. நம் நாட்டுச் செல்வந்தரும் செல்லத் தொடங்கிவிட்டனர். வளைகுடாவில் பொருளீட்டிய நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை இத்தகைய கப்பலில் பயணச்சீட்டு எடுப்பாராயின் அதில் வியப்பில்லை. எனவே, இதுபற்றி நாம் ஒரு கருத்துக் கொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது.

பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை எண்ணிப் பார்க்குமாறு திருமறை பணிக்கிறது. ஆதலின் பயணத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு, நம் மதுரைக்கும் வந்து சென்றார். ஆனால் அவர் சென்ற இடங்களில் வெறும் பார்வையாளராக இருந்துவிடவில்லை. தில்லியில் காழியாகப் பணியாற்றினார். மாலத்தீவிலும் அப்பணியையே செய்தார். ஊர் திரும்பியபின், கண்டதைச் சொல்லி எழுதுவித்தார். அவர் உண்ட சோற்றுக்கு உலகம் ஒரு நூலைப் பெற்றது. பயணத்தை எடைபோட நம்மிடம் உள்ள தராசு இதுவே: சென்றவர் அவ்விடத்துக்கு எதைக் கொடுத்தார்? எதைக் கொண்டு வந்தார்? எதை விட்டு வந்தார்?

தென்கடல் தீவுகளில் மனிதன் விட்டுவந்தவற்றின் பட்டியல் பெருமை தருவதன்று. கெர்கூலன் தீவில் 1874இல் வெள்ளிக்கோளின் இடைநகர்வைக் காணச் சென்ற பிரித்தானிய வானியலார் முயல்களை விட்டனர். ஸ்கர்வி நோய்க்கு மாலுமிகள் மருந்தாய் உண்ட அத்தீவின் முட்டைக்கோசை அம்முயல்கள் பெருகித் தின்று அழித்தன. விண்ணை அளக்கச் சென்ற அறிஞர்கள் மண்ணைக் கெடுத்துத் திரும்பினர்! ஆம்ஸ்டர்டாம் தீவில் 1871இல் ஒரு குடும்பம் குடியேற முயன்று, இயலாமல், தன் மாடுகளை அங்கேயே விட்டு நீங்கியது. அம்மாடுகள் காட்டு மந்தையாகி, 2010 வரை தீவின் மரக்காட்டை மேய்ந்து தீர்த்தன. உலகில் வேறெங்கும் கூடு கட்டாத ஆல்பட்ராஸ் பறவையினம் ஒன்று அத்தீவில் உண்டு. எண்ணிக்கையில் மிகச் சிறிய இனம். 2025 ஜனவரியில் தீப்பற்றித் தீவின் பாதியளவு எரிந்தது. நிலையத்தில் இருந்தோர் கப்பலேறித் தப்பினர்.

செயின்ட் பால் தீவின் கதை இவற்றினும் கொடியது. எரிமலையின் வாய் ஒரு பக்கம் உடைந்து, கடல் உள்ளே புகுந்து நிற்கும் சிறு தீவு அது. 1928இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் அங்கே சிங்கிறால் பதனிடும் ஆலை தொடங்கிற்று. பிரான்சின் பிரித்தானி பகுதியினரும் மடகாஸ்கர்த் தொழிலாளரும் அழைத்துச் செல்லப்பட்டனர். 1930 மார்ச்சில் பருவம் முடிந்து அனைவரும் திரும்பியபோது, இயந்திரங்களைக் காக்க எழுவர் மட்டும் நிறுத்தப்பட்டனர். இரண்டொரு மாதத்தில் கப்பல் வரும் என்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்கு. கப்பல் வரவில்லை. அத்தீவில் பிறந்த பெண் குழந்தை இரண்டு மாதத்தில் இறந்தது. காய்கனி இன்மையால் ஸ்கர்வி பற்றிப் பெரியவர் மூவர் மாண்டனர், மற்றொருவரும் திரும்பவில்லை. டிசம்பரில் கப்பல் வந்தபோது உயிரோடிருந்தவர் மூவரே. அதன் பின்னரும் அந்நிறுவனம் ஆலையை மூடவில்லை. அடுத்த பருவத்தில் மடகாஸ்கர்த் தொழிலாளர் பலர் நோயுற்று மாண்ட பின்பே மூடிற்று.

இக்கதையைக் கேட்கையில் நம் மேற்கு மலைகள் நினைவுக்கு வராமல் போகா. ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலையேறிய நம் முன்னோர் கண்ட கங்காணியும், செயின்ட் பாலுக்கு ஆளெடுத்தவனும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். முல்லைப்பெரியாறு அணை 1895இல் எழுந்து நம் வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. அதைக் கட்டிய நாளில் காட்டுக் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் இரையானோர் பலர். பென்னிகுயிக்கின் பெயர் நிலைத்தது. கூலிகளின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. இன்று சொகுசுக் கப்பலின் மேல்தளத்தில் நின்று, 'மனிதன் கால்படாத தீவு' என்று வழிகாட்டி சொல்லக் கேட்போர், அங்கே யாருடைய கால் பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

சுற்றுலாக் கப்பல்காரர்களை மட்டும் குற்றம் சாட்டுவதும் நேர்மையாகாது. 20ஆம் நூற்றாண்டில் தென்னரைக் கோளத்தில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் இருபது லட்சத்துக்கும் மேல். அதைச் செய்தவர்கள் வேட்டைக்காரர்கள், பயணிகள் அல்லர். கப்பல் நிறுவனங்கள் 1991இல் தமக்குள் சங்கம் அமைத்து, ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நூறு பேருக்குமேல் இறங்கலாகாது, காலணியைக் கழுவாமல் கரையேறலாகாது என்றெல்லாம் விதி வகுத்திருக்கின்றன. ஐந்நூறு பயணிகளுக்குமேல் ஏற்றிவரும் கப்பல் எவரையும் கரையில் இறக்குவதில்லை. பனியைக் கண்டு திரும்பியவர் அதன் காவலராகிவிடுவார் என்பதும் அவர்களது வாதம். சிலர் ஆகியும் இருக்கலாம். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கும் அது பொருந்தும் என நம்புவதற்கில்லை.

காலணியைக் கழுவுவதைச் சிறிய செய்தி என்று எண்ணற்க. அதன் மடிப்பில் ஒட்டிய ஒரு புல்விதை போதும். அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் அயல்நாட்டுப் புல்லொன்று அவ்வாறே வேரூன்றிவிட்டது. அழகுக்கென வெள்ளையர் கொண்டுவந்த உண்ணிச்செடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை எவ்வாறு மூடியிருக்கிறது என்பதை மேகமலை ஏறியவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. கப்பலுக்கும் ஆபத்து உண்டு. லிண்ட்பிளாட்டுக்காகவே கட்டப்பட்ட 'எக்ஸ்ப்ளோரர்' 2007 நவம்பரில் பனிக்கட்டியில் மோதி அண்டார்டிகக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர் தப்பியது இறையருள். அவ்வழியே மற்றொரு கப்பல் வந்திராவிடில் என்னாகியிருக்கும்?

அந்தத் தொலைதூரக் கடல் கெட்டால் நமக்கென்ன என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு. நம் பள்ளத்தாக்கின் முதல்போகத்துக்கு நீர் தருவது தென்மேற்குப் பருவமழை. அக்காற்று புறப்படும் இடம் தென்னிந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே நிலவும் உயரழுத்த மண்டலம். அங்கிருந்து நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியக் கரையோரமாய்த் திரும்பி, மேற்கு மலையில் மோதித் தேக்கடியில் பொழிகிறது. கூடலூரிலும் சின்னமனூரிலும் நாற்று நடும் கைகள் தொடும் நீரில் தென்கடலின் பங்கு உண்டு. அக்கடலின் வெப்பம் மாறினால், காற்றின் போக்கு மாறினால், முதலில் வாடும் வயல்களுள் நம் வயலும் ஒன்று.

ஆகவே தென்கடலுக்கு நம்மவர் செல்லவேண்டும் என்பதே நம் கட்சி. அளக்கும் கருவியோடு செல்லவேண்டும். இதற்கு முன்மாதிரியைத் தேடி நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. 1981 டிசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வேக் கப்பலில் 21 பேருடன் புறப்பட்டு, 1982 ஜனவரி 9இல் அண்டார்டிகாவில் கால்வைத்த முதல் இந்தியக் குழுவின் தலைவர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம். அலகாபாத்தில் பிறந்து, அலிகாரில் விலங்கியல் பயின்றவர். கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தை நடத்தியவர். பின்னர் ஜாமியா மில்லியாவின் துணைவேந்தர். 2015இல் மறைந்தார். நம் சமுதாய மேடைகளில் எத்தனையோ பெயர்கள் முழங்குகின்றன. இப்பெயர் அரிதாகவே கேட்கிறது. அடுத்த ஈராண்டில், 1983-84 பயணத்தில், அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்னும் இரு பெண் அறிவியலாரும் சென்றனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் மங்களா மணி, தம் 56ஆம் அகவையில் பாரதி நிலையத்தில் 403 நாள்கள் தங்கிப் பணியாற்றி 2017இல் திரும்பினார். பெண்பிள்ளையை மதுரைக்கு மேற்படிப்புக்கு அனுப்பவே தயங்கும் பெற்றோர் இச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை படிப்பாராக.

சுற்றுலாவுக்கும் ஒரு நல்வழி இல்லாமல் இல்லை. முற்காலத்தில் புதுவை, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் ரீயூனியன் தீவிலிருந்து, 'மரியோன் டுஃப்ரேன்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் ஆண்டுக்குச் சில முறை குரோசே, கெர்கூலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகளுக்குச் செல்கிறது. ஆய்வாளரையும் உணவையும் எரிபொருளையும் சுமந்து செல்வதே அதன் பணி. எஞ்சிய சில இடங்களில் கட்டணம் செலுத்திய பயணியர் சிலரை ஏற்றிக்கொள்கிறது. பயணி வந்தாலும் வராவிடினும் கப்பல் போகும். அவருக்கென ஒரு கப்பல் கூடுதலாக ஓடுவதில்லை. பார்க்கத்தான் வேண்டும் என்பார் இவ்வழியைப் பார்க்கட்டும்.

சட்டமும் இதே திசையில் நகர்கிறது. 2022இல் இந்திய அண்டார்டிகச் சட்டம் நிறைவேறிற்று. உரிய அனுமதி இன்றி இந்தியர் குழு அங்குச் செல்லலாகாது. 2024 மே மாதம், நம் மலைக்கு அப்புறத்துக் கொச்சியில், அண்டார்டிக உடன்படிக்கை நாடுகள் கூடிச் சுற்றுலாவை ஒழுங்குசெய்வது குறித்துத் தனிக்குழு அமைத்துப் பேசின. கம்பத்திலிருந்து குமுளி ஏறி இறங்கினால் ஒரு பகலில் சென்றடையும் ஊர் அது. நம் கல்லூரிகளிலிருந்து அதைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டியேனும் எழவில்லை என்பதில் நமக்கு வருத்தம் உண்டு.

தமிழ்த்துறை மலரில் இதை எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். நெய்தல் பாடிய மொழியில் உறைந்த கடலுக்குத் திணை இல்லை. 'பனி' என்ற ஒரு சொல்லே மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதையும் குறிக்கிறது. ஆயிரம் அடி தடித்த பனிப்பாளத்தையும் குறிக்கிறது. கரையோடு ஒட்டி உறைந்த கடல், காற்றில் அலையும் உறைகடல், நிலத்திலிருந்து சறுக்கி வந்து கடல்மேல் நீண்டு நிற்கும் தட்டு, அதினின்று உடைந்து மிதக்கும் மலை ஆகியன வெவ்வேறு பொருள்கள். இவற்றுக்குப் பொதுவழக்கில் நிலைத்த சொற்கள் தமிழில் இன்னும் போதா. அறிவியல் மாணவர் ஒருவர் அங்கிருந்து திரும்பி வந்து தாய்க்குச் சொல்ல முற்படுகையில் தடுமாறாதிருக்கச் சொல் ஆக்கித் தருவது நம் துறையின் கடன். கரைப்பனி, அலைபனி, பனித்தட்டு, பனிமலை என்று நாம் தொடங்கியிருக்கிறோம். திருத்துவார் திருத்துக.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு அளிக்கும் நன்கொடையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, நம் பள்ளத்தாக்கின் கல்லூரிகளில் விலங்கியலோ இயற்பியலோ பயிலும் மாணவர் ஒருவர், மாணவி ஒருவர், ஆண்டுதோறும் கடலியல் மேற்படிப்புக்குச் செல்ல உதவித்தொகை நிறுவுங்கள். கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இந்தியாவின் பனிப்பயணங்களை நடத்துகிறது. அதன் வாயில்வரை அவர்களைக் கொண்டுசேர்க்கும் செலவு, உஷுவாயாக் கப்பலில் ஒருவருக்கான பயணச்சீட்டின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அவ்வுதவித்தொகைக்கு டாக்டர் காசிம் பெயரைச் சூட்டலாம் என்பது நம் பரிந்துரை.