மச்சம் இல்லாமல் மணக்கும் உள்ளீடு

பண்டிகை நாளில் ஒரே வீட்டில் இரண்டு சமையல் நடப்பது நம்மவரிடையே புதுமையன்று. தீபாவளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாட்கள் அனுட்டிக்கப்படும் கேதாரகௌரி விரதம் ஐப்பசி அமாவாசையோடு நிறைவெய்துகிறது. தீபாவளியும் அதே நாளிலோ அதற்கு முந்திய நாளிலோ வந்துவிடுகிறது. ஆகவே, பிள்ளைகளுக்கு ஆட்டிறைச்சிக் கறி ஓர் அடுப்பிலும், விரதகாரருக்கும் என்றுமே மச்சம் தீண்டாத பெரியவர்களுக்கும் மரக்கறி மற்றோர் அடுப்பிலும் கொதிக்கின்றன. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு என்று பிரித்துவைக்கும் ஒழுங்கைப் பல வீடுகளில் இன்றும் காணலாம். ஆனால், சட்டியிற் காட்டும் அக்கறையைச் சுவையிற் காட்டுகிறோமா? இறைச்சிக் கறிக்கு வறுத்தும் அரைத்தும் பாடுபட்ட கைகள் சைவச் சட்டிக்கு வரும்போது களைத்துவிடுகின்றன. ஒரு பருப்பு, ஒரு வெள்ளைக்கறி, பொரித்த அப்பளம் என்பவற்றோடு கதை முடிந்துவிடுகிறது. பேத்தியின் இலையைப் பார்த்துக்கொண்டே அப்பம்மா தன் இலையை மடித்துவிடுகிறார்.

இருசாராரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துண்ணத்தக்க ஒரு பண்டமாவது பண்டிகைப் பந்தியில் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அதற்கு மிக ஏற்றது கறிமிளகாய். நீண்டு வெளிர்பச்சையாய், உறைப்புக் குறைந்ததாய், உள்ளே வேண்டிய இடத்தோடு இயற்கை அதை உள்ளீடு வைப்பதற்கென்றே படைத்திருக்கிறது போலும். வழக்கமாக அதனுள் மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து அடைப்பார்கள். மீனை நீக்கிவிட்டு உருளைக்கிழங்கை மாத்திரம் அடைத்தால் அது சைவமாகிவிடும், சுவையாகிவிடாது. வாயில் மாவாய் ஒட்டும் அந்தப் பண்டத்தைப் பெரியவர்கள் முகங்கோணாமல் உண்பது அவர்களுடைய பெருந்தன்மை.

இந்தச் சுவைக்குறையை ஈடுசெய்யச் சிலர் ஒரு குறுக்குவழி காண்கிறார்கள். "ஒரு சிட்டிகைதானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று மாசித்தூளை உள்ளே தூவிவிடுகிறார்கள். சம்பலிலும் வதக்கற் கறியிலும் இது சர்வசாதாரணம். சைவம் என்று நம்பிக் கைநீட்டுபவரை ஏய்ப்பது இது என்பதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை தெரியவந்தால், அந்த முதியவர் பிறகு எந்த வீட்டிலும் நிம்மதியாகக் கைநனைக்கமாட்டார்.

மாசியில் அப்படி என்னதான் இருக்கிறது? மாணவ மாணவியர் இந்த இடத்தைச் சற்று ஊன்றிப் படிக்கலாம். யப்பானிய விஞ்ஞானியான கிகுனே இகெடா 1908 ஆம் ஆண்டில், கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றிலிருந்து குளுத்தாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் சேராத தனிச்சுவை ஒன்று உண்டென்று காட்டினார். 'உமாமி' என்று அதற்குப் பெயரிட்டார். 1913 இல் சின்தாரோ கொடாமா என்பவர், உலர்த்திய சூரை மீனில் அதே சுவையைத் தரும் இனோசினேற்று என்னும் பொருளைக் கண்டார். நமது மாசியும் அவித்துப் புகையூட்டி உலர்த்திய சூரைதான். ஆனால், அத்துடன் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 1957 இல் அக்கிரா குனிநாக்கா என்பவர் குவானைலேற்று என்னும் மூன்றாவது பொருளின் சுவையை அறிந்தார். அது உலர்ந்த காளானிற் செறிந்திருப்பது. குளுத்தாமிக் அமிலத்தோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தால் சுவை கூட்டற் கணக்காய் அன்றி, பெருக்கற் கணக்காய் உயர்கிறது. பழுத்த தக்காளியில் குளுத்தாமிக் அமிலம் உண்டு. ஆகவே, தக்காளியும் காளானும் கூடும் சட்டியில் மாசிக்கு வேலையில்லை.

இரண்டாவது இரகசியம் வறுவல். பண்டம் பொன்னிறமாகும்போது பிறக்கும் மணத்துக்கு ஏறத்தாழ 140 பாகை சதமவளவுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். சட்டியில் நீர் நிற்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. காளானிற் பத்தில் ஒன்பது பங்கு நீர். வெங்காயமும் ஏறக்குறைய அப்படியே. அந்த நீர் வற்றுமுன் அடுப்பை அணைப்பவருக்குக் கிடைப்பது அவியல். பொறுத்திருப்பவருக்கே வறுவல் கிடைக்கும்.

இனிச் செய்முறை. 12 கறிமிளகாய்க்கு 100 கிராம் கடலைப்பருப்பை இரண்டு மணிநேரம் ஊறவைத்து, நீரை நன்கு வடித்து, இரண்டு செத்தல் மிளகாய், அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், உப்பு ஆகியவற்றோடு கரகரப்பாக அரையுங்கள். அரைத்ததைத் தட்டையாகத் தட்டி 15 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவே அடைத்தால் பருப்பு வேகும்போது பருத்து மிளகாயைப் பிளந்துவிடும், உள்ளும் வேகாது. அரை மூடித் தேங்காயைத் துருவி, எண்ணெயின்றிச் சிறுதீயில் வறுத்தெடுங்கள். அது செம்மண் நிறத்துக்கு வரவேண்டும், கருகினால் கசக்கும்.

அகன்ற சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 150 கிராமை நிதானமாக வதக்குங்கள். அது சிவந்ததும் நான்கு பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்து, பிறகு கையால் நாராகக் கிழித்த சிப்பிக்காளான் 200 கிராமைப் போடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். நீர் வற்றிக் காளானின் ஓரங்கள் முறுகத் தொடங்கியதும், நன்கு பழுத்த ஒரு தக்காளியை அரிந்திட்டு, எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். உதிர்த்த பருப்பு, வறுத்த தேங்காய், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி வறுத்த நற்சீரகத்தூள், மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து, உப்புப் பார்த்து இறக்கிவிட்டு, சூடு தணிந்தபின் பாதித் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அதன் வாசனை போய்விடும்.

வெங்காயமும் உள்ளியும் காளானும் விரதத்துக்கு ஆகா என்னும் வீடுகளில் அவற்றை விட்டுவிட்டு, இஞ்சியை இருமடங்காக்கி, ஒரு சிட்டிகை பெருங்காயத்தை எண்ணெயிற் பொரித்து, தக்காளியை மூன்றாக்குங்கள். அவித்துச் சிறு துண்டுகளாய் வெட்டிய பலாக்கொட்டை பத்தை நெய்யிற் சிவக்கவிட்டுச் சேர்த்தால் கடிப்பதற்கும் பதமாயிருக்கும். சோயா மீற்றைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சேர்க்கலாம். ஆனால், பண்டிகையன்று இறைச்சியைப் போல நடிக்கும் ஒன்றை விரதகாரரின் இலையில் வைப்பதற்கு என் மனம் ஒப்புவதில்லை.

கறிமிளகாயை ஒருபக்கம் மட்டும் நெடுக்காகக் கீறி, விதையை நீக்கி, உட்புறம் உப்புத் தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். சுரக்கும் நீரைத் துடைத்துவிட்டு, உள்ளீட்டைத் திணிக்காமல் நிரப்பி, தட்டையான சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, கீறல் மேற்புறம் இருக்க வையுங்கள். தோல் அங்கங்கே புள்ளியிட்டுச் சிவக்கும்வரை பக்கங்களை மெதுவாகத் திருப்பினாற் போதும். குழம்பு விரும்புவோர், மஞ்சளும் ரம்பையும் இட்டுக் காய்ச்சிய தேங்காய்ப் பாலில் இறுதி ஐந்து நிமிடம் கிடத்தலாம். பரிமாறும்போது முதல் மிளகாய் மூத்தவர் இலைக்குப் போகட்டும்.

உள்ளீடு சிறிது மிஞ்சும். அதை மாலையில் பற்றிசுக்குள் வைத்துப் பொரிக்கலாம். ரொட்டிக்குக் குழைக்கும் மாவோடும் சேர்க்கலாம். தேங்காய் சேர்ந்ததாகையால் வெளியில் வைத்து மறுநாளைக்கென்று பார்த்திருக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் அன்று இரவுக்குள் முடித்துவிடுங்கள்.