ஐயத்தின் பலன் யாருக்கு?

குற்றக் கூண்டில் நிற்பவனுக்கே ஐயத்தின் பலன் உரியது. நீதிமன்றங்கள் பேணிவரும் நன்னெறி இது. மனிதனுக்கென வகுத்த அந்நெறியை ஒரு நச்சாவிக்கும் வழங்கலாமா? அமெரிக்காவில் வழங்கினர்!

பென்சீன் பெற்றோலில் கலந்துள்ள திரவம். இறப்பர், இரசாயன ஆலைகளிலும் புழங்குவது. எளிதில் ஆவியாகும். அதனை நெடுங்காலம் சுவாசிப்பவனின் என்பு மச்சை பழுதுறும். இரத்தப் புற்றுநோயும் தோன்றலாம். எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 10 பங்கு பென்சீன் இருக்கலாமென அந்நாட்டரசு 1971இல் வரம்பிட்டது. ஒகையோ மாநில இறப்பர்த் தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்க்கத்தக்க அளவினும் ஐந்து மடங்கேனும் மிகுந்திருந்ததை 1977இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 1978இல் வரம்பை 1 பங்காக அரசு குறைத்தது. எண்ணெய்க் கம்பனிகள் வழக்காடின.

1980 ஜூலையில், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்த அதியுயர் நீதிமன்றம் புதிய வரம்பை வீழ்த்தியது. பழைய அளவிலே குறிப்பிடத்தக்க ஆபத்து உண்டென அரசு முதலில் நிறுவவில்லையாம்! சட்டமோ, தொழில்வாழ்நாள் முழுவதும் ஆட்பட்டாலும் தொழிலாளியின் உடல்நலம் கெடாதவாறு, இயலுமட்டும் வரம்பு வகுக்கப் பணித்தது. இந்நிபந்தனை சட்டத்தில் இல்லையென நீதியரசர் மார்ஷல் மாறுபட்டார். அரசு மனம்போனபடி விதி செய்யலாகாது என்பதை நாமும் ஒப்புவோம். அரசின் கையை நம்பிக் கெட்டவர் பலர். ஆயினும் நிறுவும் சுமையை எவர் தலையில் ஏற்றினார்கள்? ஆவியை ஆலைக்குள் விடுபவனன்றோ அது தீங்கற்றதென நிறுவ வேண்டியவன்?

அரசு மீண்டும் கணக்கிட்டது. 1987இல் விதித்த வரம்பு என்ன? அதே 1 பங்கு! இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் சட்டம் அனுமதித்த அளவு 10.

1989இல் 376 பொருள்களின் வரம்புகளை ஒருங்கே திருத்த முயன்றபோது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிறுவுக என்று கூறி, 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அனைத்தையும் தள்ளியது. இன்றும் அந்நாட்டு ஆலைகளில் பெரும்பாலான பொருள்களுக்குச் சட்டம் காட்டும் அளவு 1971இல் எழுதியதே.