காளிகாட்டுக்கு வரும் தொண்டர்கள்

கொல்கத்தா காளி கோயிலை ஒட்டிய பழைய யாத்திரிகர் விடுதியில் 1952இல் அன்னை தெரசா மரணத் தறுவாயில் இருப்போருக்காகத் தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்துக்கு ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என எங்கெங்கிருந்தோ கிறிஸ்தவத் தொண்டர்கள் கைக்காசைப் போட்டு வருகிறார்கள். போர்வை துவைக்கிறார்கள், நகம் வெட்டுகிறார்கள், சோறு ஊட்டுகிறார்கள். அந்த மனசை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், மனசு மட்டும் வலியைத் தணிக்காது. ‘லான்செட்’ மருத்துவ இதழின் அப்போதைய ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்கே சென்று பார்த்துவிட்டு 1994இல் எழுதியது கசப்பானது: மருத்துவர்கள் அவ்வப்போதுதான் வந்தார்கள், அன்னை தெரசாவின் சபைச் சகோதரிகளும் தொண்டர்களுமே தெரிந்தவரை சிகிச்சையை முடிவு செய்தார்கள், கடும் வலிக்கு வீரியமான மருந்து இல்லை.

தெருவில் கிடந்தவர்களுக்கு வேறு யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அரசும் மாநகராட்சியும் தலைகுனிய வேண்டிய கேள்வியும்கூட. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் குதிரைக்கொம்பானதும் உண்மை. ஆனால், அதே சட்டத்தின் கீழ்தான் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண அமைப்பு மார்ஃபினையும் பெற்றது, உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சியும் தந்தது. எனவே, இரண்டு வாரத்துக்கு வருகிறவர் துணி துவைக்கட்டும். நோயாளியைத் தொடுகிறவருக்கு அடிப்படைப் பயிற்சியும் நாலு வார்த்தை வங்க மொழியும் கட்டாயமாக வேண்டும். உலகெங்கும் நன்கொடை பெறும் சபைக்கு இது பெரிய செலவல்ல.