தன்னார்வமும் ஊழியமும்: அயல்நாட்டு மேடைக்குப் போவது பறையா, பறையிசைக் கலைஞரா?

ஐரோப்பாவின் சிறு நகரங்களில் கோடைதோறும் பன்னாட்டு நாட்டார் நடன விழாக்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் பலவற்றை ஒருங்கிணைப்பது, 1970ஆம் ஆண்டு பிரான்சில் தொடங்கப்பட்ட 'சியோஃப்' என்னும் பன்னாட்டு அமைப்பு. இவ்விழாக்களில் உணவும் தங்குமிடமும் உள்ளூர்ப் போக்குவரத்தும் விழா நடத்துவோர் பொறுப்பு. விமானக் கட்டணம் பொதுவாகக் கலைக்குழுவின் பொறுப்பு. ஆடுவோருக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. தன்னார்வப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று இதனைப் போற்றுகின்றனர்.

இந்தத் 'தன்னார்வம்' என்னும் சொல்லைத் திருவாடானை வட்டாரத்துச் சேரிகளிலிருந்து பார்த்தால் வேறு பொருள் தெரியும். ஊதியமின்றிப் பறை அடிப்பது இங்கே புதிதன்று. ஊரார் வீட்டுச் சாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அடித்தே தீர வேண்டும் என்பது தலைமுறைகளாகச் சுமத்தப்பட்ட சாதிக் கடமை. அதன் பெயர் தன்னார்வம் அன்று, ஊழியம்.

அடிக்கக் கட்டாயப்படுத்திய அதே சமூகம், தமக்காக இசைப்பதைத் தடுக்கவும் செய்தது. 1931 ஜூனில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த பதினொரு தடைகளை ஜே. எச். ஹட்டன் தமது 'காஸ்ட் இன் இந்தியா' நூலில் பதிவு செய்துள்ளார். பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று; தம் திருமணங்களில் மேளம் முதலிய இசை கூடாது என்பது மற்றொன்று. பிறர் வீட்டுச் சாவுக்கு இசை கட்டாயம். தம் வீட்டு மகிழ்ச்சிக்கு அதே இசை குற்றம்.

ஆகவே மறுக்கும் உரிமை உள்ளவரே தன்னார்வலர் ஆக முடியும். இழவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் பறையைத் துறந்தவர்களும், அதையே விடுதலையின் கலையாக மீட்டவர்களும் நிலைநாட்டியது இவ்வுரிமையைத்தான். இளையான்குடி அருகே மாரந்தையில் பிறந்த கே. ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடலைத் தலித் அரசியலின் மேடைக்குக் கொண்டுவந்தார். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று அமெரிக்கத் தமிழ்ச் சங்க மேடைகளிலும் பறை ஒலிக்கிறது. இவையனைத்தும் வரவேற்கத்தக்கவை.

எனினும், பறைக்குத் திறந்த கதவு பறையிசைக் கலைஞருக்கும் திறந்திருக்கிறதா? கடவுச்சீட்டுக்கான கட்டணம் 1,500 ரூபாய். அது பெரிய தடையன்று. ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. அதனுடன் சில மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் வருமானச் சான்றும் வேண்டும். மழையை நம்பிய நெல் வயலிலும் கரிமூட்டத்திலும் அன்றாடக் கூலி பெறுபவர் எந்தக் கணக்கைக் காட்டுவார்? 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவின்படி, குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்குக் கடவுச்சீட்டை மறுக்கலாம். நீதிமன்ற அனுமதி பெற்றே விண்ணப்பிக்க வேண்டும். போராட்ட வழக்குகளில் பெயர் சேர்க்கப்பட்ட சேரி இளைஞர்களுக்கு இது பெருந்தடை. இத்தனையும் கடந்து செல்லக்கூடியவை பெரும்பாலும் வசதி படைத்த நகரக் குழுக்களே. இப்படியே தொடர்ந்தால் பறை பயணம் போகும். அதைக் காத்தவர் ஊரிலேயே நிற்பார். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூலியாகச் செல்ல இம்மண்ணின் இளைஞர்களுக்கு வழி உண்டு. கலைஞராகச் செல்லத்தான் வழி இல்லை.

இது மாற வேண்டும். ஆதிதிராவிட மாணவர் வெளிநாட்டில் பயிலத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை வழங்குகிறது. அதுபோன்று கலைஞர்களின் அயலகப் பயணத்துக்கும் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். 1950 முதல் இயங்கும் இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றம், தான் அனுப்பும் குழுக்களில் ஒடுக்கப்பட்ட சமூகக் கலைஞர்கள் எத்தனை பேர் என்பதை வெளியிட வேண்டும்.

தன்னார்வலராகச் செல்ல விரும்பும் கல்லூரி மாணவர்க்கும் கடமை உண்டு. பயணச்செலவும் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு, பதிவு செய்யப்படும் நிகழ்ச்சியின் உரிமை யாருக்கு என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் அழைப்புகளைத் தீர விசாரியுங்கள். நீங்கள் ஆடப்போகும் அடவை உங்களுக்குக் கற்பித்த கலைஞருக்கும் குழுவில் ஓர் இடம் கேளுங்கள். மேடையில் 'தமிழர் தொன்மைக் கலை' என்று மட்டும் அறிமுகம் செய்யாமல், எந்த மக்கள் எத்தகைய ஒடுக்குமுறைக்கு நடுவே இதைக் காத்தனர் என்பதையும் சொல்லுங்கள்.